முத்துச் சலாபம்: நம்பிக்கையும் அறிவியலும்

மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிக் கடலிலும் எதிர்க்கரையான இலங்கையின் அரிப்புக் கடலிலும், பருவம் பார்த்து அரசின் மேற்பார்வையில் நடந்துவந்த முத்துக்குளிப்பைக் கரையோர மக்கள் சலாபம் என்பார்கள். இத்தொழிலை இரண்டு கேள்விகள் விடாமல் தொடர்ந்தன. சிப்பிக்குள் முத்து எப்படி உண்டாகிறது? கடலுக்குள் இறங்கியவர் சுறாவிடம் சிக்காமல் எப்படித் திரும்புவார்? முதல் கேள்வியைப் புராணமும் விலங்கியலும் தம் தம் வழியில் எடுத்துக்கொண்டன. இரண்டாவது, மந்திரக்காரரிடமும் மாதாவிடமும் நெடுங்காலம் இருந்தது. கலிலியோவையும் டார்வினையும் காட்டி, அறிவியலுக்கும் சமயத்துக்கும் தீராப் பகை என்று எழுதப்படும் ஐரோப்பிய வரலாறு இக்கரைக்கு அவ்வளவாகப் பொருந்தாது.

கொற்கை முத்து சங்கப் பாடல்களிலேயே புகழ்பெற்றது. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த ‘எரித்திரேயக் கடற்பயண நூல்’ பாண்டிய நாட்டுக் கொற்கையில் முத்துக்குளிப்பு நடந்ததையும், தண்டனை பெற்ற குற்றவாளிகள் அதில் இறக்கப்பட்டதையும் குறிப்பிடுகிறது. சாவு நெருக்கமான தொழில் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

முத்தின் பிறப்பைப் பற்றிய பழைய விளக்கம் தமிழ்நாட்டில் எல்லாரும் அறிந்ததுதான். சுவாதி நட்சத்திரத்தில் பெய்யும் மழைத்துளி, வாய் திறந்திருக்கும் சிப்பிக்குள் விழுந்து முத்தாகிறது. ரோமாபுரியின் பிளினியும் ஏறத்தாழ இதையே சொன்னார்; அவருக்கு மழைக்குப் பதில் பனித்துளி. வானம் மப்பாக இருந்தால் முத்து மங்கும் என்றும் அவர் எழுதி வைத்தார். மூங்கில், கரும்பு, யானைக்கொம்பு ஆகியவற்றிலும் முத்து பிறக்கும் என்று நம் மணிநூல்கள் பட்டியலிட்டன. இவை பண்டிதரும் வணிகரும் போற்றிய கதைகள் என்றே கருதத் தோன்றுகிறது. குளியாளுக்குச் சிப்பி இருக்கும் இடம் தெரியும். கரையிலிருந்து பல கல் தொலைவில், எட்டுப் பத்துப் பாகம் ஆழத்தில், ‘பார்’ எனப்படும் பாறைத் திட்டில் நார்களால் ஒட்டிக் கிடப்பதை அவர் கையால் பிடுங்கி எடுக்கிறார். அது மழை குடிக்க மேலே மிதந்து வராது என்பதை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் கதையில் ஒரு தற்செயல் பொருத்தம் இருக்கிறது. சூரியன் சுவாதியில் நிற்பது ஐப்பசியில். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் காலம் அது. சிப்பிகள் முட்டையிடுவதும் இரு பருவக்காற்றுகளை ஒட்டியே மிகுதி என்று பிற்கால ஆய்வுகள் கண்டன. மழைக்கும் சிப்பிக்கும் தொடர்புண்டு; முத்துக்கும் மழைக்கும்தான் இல்லை.

சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுபவருக்குக் ‘கடல் கட்டி’ என்று பெயர். அவரைப் பற்றிய பழைய குறிப்பு, 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இப்பக்கம் வந்த மார்க்கோ போலோவுடையது. முத்தில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கு, இருபதில் ஒரு பங்கு பெருமீன்களை மயக்கும் பிராமணருக்கு என்கிறார் அவர். கட்டு பகலுக்கு மட்டும்தான். இரவில் அவர்களே அதை அவிழ்த்துவிடுவார்களாம். திருட்டுத்தனமாக இரவில் குளிக்க யாரும் துணியக் கூடாதல்லவா! மந்திரத்தில் காவல்துறை வேலையும் அடக்கம்.

1530களின் நடுவில் நிலைமை மாறியது. முத்துக்குளிப்பு உரிமை பற்றிய பூசலில் நெருக்குண்ட பரதவர், ஜோவா த குரூஸ் என்ற வணிகரின் யோசனைப்படி போர்ச்சுக்கீசியரின் பாதுகாப்பை நாடிக் கத்தோலிக்கத்தைத் தழுவினர். ஏறத்தாழ 20,000 பேர் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. 1542இல் பிரான்சிஸ் சவேரியார் இக்கரைக்கு வந்தார். தூத்துக்குடியில் பனிமய மாதா ஊருக்கே தாயானாள். ஆண்டுதோறும் ஆகஸ்ட் 5 அவள் திருநாள். 1806இல் பரதவரின் சாதித் தலைவர் செய்துவைத்த தங்கத்தேர் இன்றும் சிறப்பு ஆண்டுகளில் ஓடுகிறது. மதம் மாறியபோது கடல் கட்டியும் மறைந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்போம். அவர் மறையவில்லை.

இலங்கைச் சலாபங்களை ஆங்கிலேயர் கைப்பற்றிய புதிதில் அங்கிருந்த ராபர்ட் பெர்சிவல், 1803இல் வெளிவந்த நூலில் இக்காட்சியை எழுதியிருக்கிறார். காலையில் தோணிகள் போனது முதல் திரும்பும்வரை, கடல் கட்டிகள் கரையில் நின்று உடலை முறுக்கியபடி மந்திரம் முணுமுணுப்பார்கள். அதுவரை அன்னந்தண்ணீர் தொடக்கூடாது, தொட்டால் பலிக்காது. ஆனால் சிலர் நடுவே கள்ளுக்குடித்துத் தெம்பேற்றிக்கொள்வதையும் பெர்சிவல் பார்த்துவிட்டார். பல சமயத்தாரும் சேர்ந்து குளித்ததால் ஆளுக்கொரு திருநாள் வந்து, இரண்டு மாதச் சலாபத்தில் வேலை நடப்பது முப்பது நாளுக்கு மேல் போகாது என்ற அவருடைய குறையும் நூலில் உண்டு.

இதைவிட ருசியானது எமர்சன் டென்னென்ட் 1859இல் வெளியிட்ட இலங்கை நூலில் வரும் செய்தி. கடல் கட்டியின் சக்தி பரம்பரையாக வருவது. ஓதுபவர் எந்த மதத்தவர் என்பது பொருட்டில்லை. அப்போதைய குடும்பத் தலைவர் ஒரு ரோமன் கத்தோலிக்கர்! டென்னென்ட் போன சமயம் அவருக்கு உடம்பு சரியில்லை. பதிலுக்கு ஓர் ஆளை அனுப்பியிருந்தார். வந்தவரோ, தமக்கு அந்த ரகசியம் தெரியாது என்று ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார். தலைவரின் பிரதிநிதியாகத் தாம் நின்றாலே சுறாக்கள் மதிக்கும் என்றார். அரசு அலுவலகத்தில் பொறுப்பு அதிகாரி கையெழுத்துப் போடுவதுபோல் இருக்கிறது. குளியாள்களும் அதை ஏற்று இறங்கினார்கள்.

சுறா கடித்து இறந்தவர்கள் இச்சலாபங்களில் மிக அரிது என்பதே பொதுவான பதிவு. நூற்றுக்கணக்கான தோணிகள், ஆயிரக்கணக்கான ஆட்கள், ஓயாத கூச்சல், கல் விழும் சத்தம் ஆகியவற்றுக்கு மீன் அஞ்சி விலகியிருக்கலாம் என்றார் டென்னென்ட். அப்படியானால் கடல் கட்டியும் மறைமுகமாக உதவியவரே. அவர் இல்லையென்றால் இத்தனை பேர் கூடி இறங்கியிருக்க மாட்டார்கள். இடுப்பில் கயிறு, காலடியில் கல், மூச்சை அடக்கி ஒரு நிமிடம் முன்பின் ஆழத்தில் இருக்க வேண்டியவருக்குப் பதற்றம் மூச்சைத் தின்றுவிடும். மந்திரம் சுறாவைக் கட்டவில்லை, அச்சத்தைக் கட்டியது. ஆங்கிலேய அதிகாரிகள் சிரித்துக்கொண்டே அதற்கு இடம் கொடுத்ததற்கும் காரணம் இதுதான். சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு. குளியாள் இறங்காவிட்டால் ஏலத்தில் கூறுவதற்கு எதுவுமில்லை.

விலங்கியல் இக்கடலுக்கு வந்ததும் வருவாய்க் கவலையால்தான். சில ஆண்டுகள் பார்கள் நிறையும். பிறகு பல ஆண்டுகள் ஒரு சிப்பியும் இராது. இலங்கையில் பிறந்த மருத்துவர் எட்வர்டு கெலார்ட் 1850களின் இறுதியில் அரசுக்காக ஆராய்ந்து, முத்துக்கு மூலம் ஒட்டுண்ணிப் புழுவாக இருக்கலாம் என்றார். 1902இல் லிவர்பூல் பேராசிரியர் ஹெர்ட்மனும் ஜேம்ஸ் ஹார்னலும் வந்தார்கள். இவர்களின் அறிக்கையை ராயல் சொசைட்டி 1903 முதல் 1906 வரை ஐந்து தொகுதிகளாக வெளியிட்டது. ஒரு நாடாப்புழுவின் இளநிலை சிப்பிக்குள் புகுகிறது. சிப்பி அதைச் சுற்றி முத்துப் பூச்சைப் பூசி அடக்கம் செய்கிறது. தப்பிய புழு, சிப்பியைத் தின்னும் மீன் வழியாகத் திருக்கையின் குடலில் முதிர்கிறது. இதுவே அவர்களின் கொள்கை. ‘முத்தை உண்டாக்குவது’ என்று பொருள்படும் லத்தீன் பெயரைக்கூடப் புழுவுக்குச் சூட்டிவிட்டார்கள்.

நுண்ணோக்கியும் ராயல் சொசைட்டியின் முத்திரையும் இருந்தன. ஆனால் கொள்கை நிற்கவில்லை. முத்துகளை அறுத்துப் பார்த்த பிற ஆய்வாளர்கள் பெரும்பாலானவற்றின் நடுவில் புழுவைக் காணவில்லை. 1906இல் இலங்கைப் பார்களைக் குத்தகைக்கு எடுத்த லண்டன் நிறுவனம், அடுத்த ஆண்டுக்குப் பின் சிப்பியே இல்லாமல் 1912இல் மூடப்பட்டது. சுவாதி மழைக்கும் நாடாப்புழுவுக்கும் என்ன வேறுபாடு என்று கேட்கலாம். மழைக் கதையை யாரும் வெட்டிப் பார்த்துச் சோதிக்க முடியாத இடத்தில் வைத்திருந்தார்கள். ஹெர்ட்மன் தம் புழுவைப் பிறர் வெட்டிப் பார்க்கும் மேசையில் வைத்தார். தவறு என்று நிறுவ அது போதுமானதாக இருந்தது.

ஹார்னல் பிறகு சென்னை மாகாண மீன்துறையில் சேர்ந்து அதன் இயக்குநரானார். 1914இல் அவர் எழுதிய சங்கு பற்றிய நூல், விலங்கியலையும் வழிபாட்டையும் ஒன்றாக வைத்துப் பார்த்த அரிய படைப்பு. தூத்துக்குடிச் சங்கில் பெரும்பகுதி வளையலாக அறுக்கப்பட வங்காளத்துக்குப் போனது. அங்குள்ள மணமான பெண்களின் கைக்கு அது மங்கலப்பொருள். அவ்வழக்கம் இல்லாவிட்டால் இத்தொழிலும் இல்லை, அதை ஆராய அரசு செலவிட்டிருக்கவும் மாட்டாது.

முத்தின் பிறப்புக்குச் சரியான விடையை நடைமுறைக்குக் கொண்டுவந்தது ஜப்பான். சிப்பியின் மேலுறைத் திசுச் செல்கள் உள்ளே சிக்கிப் பை போலச் சூழ்ந்தால், அந்தப் பைக்குள் முத்து வளர்கிறது. புழு அதற்குப் பல வாய்ப்புகளில் ஒன்று மட்டுமே. ஜப்பானியர் முத்து வளர்க்கும் நுட்பத்தைப் பொத்தி வைத்தார்கள். மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1972இல் தூத்துக்குடிக்கு அருகே வேப்பலோடையில் ஆய்வைத் தொடங்கியது. கே. அழகர்சாமி தலைமையில் 1973 ஜூலையில் இந்தியாவின் முதல் உருண்டை வளர்ப்பு முத்து அங்கே கிடைத்தது. உள்ளே வைக்கும் கருமணிக்குச் சங்கு ஓட்டைக் கடைந்து பயன்படுத்தியும் பார்த்தார்கள். பூசையில் ஊதும் அதே இனச் சங்குதான். 1981இல் முத்துச்சிப்பிக் குஞ்சுகளைப் பொரிப்பகத்தில் வளர்க்கும் முறையும் கைவந்தது.

அதற்குள் சலாபம் முடிந்துவிட்டிருந்தது. தூத்துக்குடிக் கடலில் கடைசிச் சலாபம் 1961இல் நடந்தது. பொரிப்பகக் குஞ்சுகளை 1980களில் பார்களில் கொண்டுபோய் விட்டும், மீண்டும் சலாபம் கூட்டும் அளவுக்குச் சிப்பி பெருகவில்லை. இப்போது இறங்குபவர்கள் சங்கு குளிப்பவர்கள். பலர் தோணியிலுள்ள கம்பிரசரிலிருந்து குழாய் வழியே மூச்சு வாங்குகிறார்கள். அழுத்தக் காற்றோடு ஆழத்தில் நெடுநேரம் இருந்துவிட்டு வேகமாக மேலே வந்தால், இரத்தத்தில் நைட்ரஜன் குமிழிட்டு மூட்டுவலியும் பக்கவாதமும் வரும், உயிரும் போகும். படிப்படியாக ஏற வேண்டும் என்ற விதியை உடலியல் 1908இலேயே அட்டவணையாக வகுத்துத் தந்துவிட்டது. இறங்குமுன் சிலுவைக்குறி போடும் வழக்கம் அவர்களிடம் நிலைத்திருக்கிறது. அட்டவணை இன்னும் எல்லாத் தோணிக்கும் வந்து சேரவில்லை.