அமியோடரோன்: பாதுகாப்பான பயன்பாடு

அமியோடரோன், தாறுமாறான இதயத் துடிப்பைச் சீராக்க மருத்துவர் எழுதித் தரும் மருந்து. இதயத்தின் கீழறைகளில் எழும் உயிராபத்தான வேகத் துடிப்புக்கும், ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் எனப்படும் மேலறைக் கோளாற்றுக்கும் பயன்படுகிறது. 1961இல் பெல்ஜியத்தின் லபாஸ் நிறுவனத்தில் நெஞ்சுவலி மருந்தாக உருவானது. அது துடிப்பையும் சீராக்கும் என்பதை, பிஜியில் பிறந்த பிரம்மா சிங் 1970இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வில் காட்டினார். அமெரிக்கா 1985இல் இதற்கு அனுமதி தந்தது.

பல மாத்திரைகளைப் போல ஓரிரு நாளில் உடலைவிட்டு நீங்கிவிடும் மருந்தல்ல இது. கொழுப்பு, கல்லீரல், நுரையீரல் ஆகியவற்றில் படிந்து தங்குகிறது. நீண்ட நாள் எடுத்தவர் நிறுத்தினால், உடலிலுள்ள அளவு பாதியாகக் குறையவே சராசரியாக 58 நாள் ஆகும். சிலருக்கு 100 நாளையும் தாண்டும். இதை உட்கொள்வதில் கவனிக்க வேண்டியவை பெரும்பாலும் இந்த ஒரு குணத்திலிருந்தே பிறக்கின்றன.

திசுக்களில் மருந்து நிரம்ப நாளாகும் என்பதால் தொடக்கத்தில் அளவு கூடுதலாக இருக்கும். மருந்துச்சீட்டில் 200 மி.கி. மாத்திரை முதல் வாரம் 1-1-1 (காலை-மதியம்-இரவு), அடுத்த வாரம் 1-0-1, பிறகு 1-0-0 என்று எழுதப்படுவது ஒரு வழக்கமான முறை. தேதி கடந்தும் முதல் வரியையே பின்பற்றிக்கொண்டிருப்பது பெரிய ஆபத்து. சீட்டு கைக்கு வந்த அன்றே எந்தத் தேதியில் எத்தனை மாத்திரை என்று நாட்காட்டியில் குறித்துவிடுவது நல்லது. சாப்பாட்டோடு எடுப்பதானால் தினமும் அப்படியே எடுக்க வேண்டும். ஒருவேளை மறந்தால் மறுவேளை இரண்டாகப் போடக் கூடாது.

மருந்தின் எடையில் 37 சதவீதம் அயோடின். 200 மி.கி. மாத்திரையிலிருந்து நாளொன்றுக்கு சுமார் 6 மி.கி. அயோடின் உடலில் வெளியாகிறது. வயதுவந்தவரின் தேவையோ 150 மைக்ரோகிராம்தான். இதனால் தைராய்டு மந்தமாகலாம், மிகையாகவும் சுரக்கலாம். அடங்கியிருந்த படபடப்பு திரும்பி வந்து, எடையும் குறைந்தால் தைராய்டைச் சந்தேகிக்க வேண்டும். மருந்தைத் தொடங்குமுன் தைராய்டு, கல்லீரல் பரிசோதனைகள், மார்பு எக்ஸ்ரே, ஈசிஜி எடுப்பர். ரத்தப் பரிசோதனைகள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தொடரும். உடம்பு நன்றாக இருக்கிறதே என்று பலர் தவறவிடுவது இவற்றைத்தான்.

மிகவும் அஞ்ச வேண்டியது நுரையீரல் பாதிப்பு. அது வறட்டு இருமலாகவும், மாடிப்படி ஏறும்போது முன்பில்லாத மூச்சிரைப்பாகவும் தொடங்கும். சளி என்று நினைத்து இருமல் சிரப் குடித்துக் காலம் கடத்தினால் உயிருக்கே ஆபத்தாகலாம். பார்வை மங்குதல், கண் மஞ்சளாதல், மயக்கம் ஆகியவற்றுக்கும் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். இரவில் விளக்கைச் சுற்றி ஒளிவளையம் தெரிவது விழிவெண்படலத்தில் மருந்து படிவதால். அது பெரும்பாலும் தீங்கற்றது என்றாலும் கண் மருத்துவரிடம் காட்டிவிடலாம். வெயில் பட்ட தோல் எளிதில் எரியும். முழுக்கைச் சட்டையும் குடையும் தேவை.

ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் அல்லது அசெனோகூமரால் எடுப்பவருக்கு ரத்தக்கசிவு அபாயம் கூடும். வார்ஃபரின் அளவை மூன்றில் ஒரு பங்கு முதல் பாதிவரை குறைத்து, ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனையை அடிக்கடி செய்வார்கள். இதய மருந்தான டிகாக்சின் அளவும் பாதியாக்கப்படும். கொலஸ்ட்ராலைக் குறைக்கும் சிம்வாஸ்டாடின் நாளுக்கு 20 மி.கி.யைத் தாண்டக் கூடாது. காய்ச்சலுக்கு மருந்துக்கடையில் தாமாகக் கேட்டு வாங்கும் அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் இதனுடன் சேர்ந்தால், புதிதாகவே ஆபத்தான துடிப்பைத் தூண்டக்கூடும். இப்படிக் கேட்டு வாங்குவது நம் ஊர்களில் சர்வசாதாரணமாக நடப்பது. கடும் வயிற்றுப்போக்கில் பொட்டாசியம் குறைந்தாலும் அதே அபாயம் உண்டு. கிரேப்ஃபுரூட் சாறு கூடாது.

கர்ப்பிணிகளுக்கு வேறு வழியில்லாத நிலையில் மட்டுமே தருவார்கள். பாலூட்டும் தாய்மார் தவிர்க்க வேண்டும். மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தினால் பழைய துடிப்புக் கோளாறு திரும்பக்கூடும். மருத்துவர் சொல்லி நிறுத்திய பின்னும் பல மாதங்களுக்குப் புதிய மருந்து எழுதுபவரிடமும், அறுவைக்கு முன் மயக்க மருத்துவரிடமும் இதை எடுத்ததைச் சொல்ல வேண்டும்.