துர்காவின் பிறப்பும் ஆவணச் சான்றும்: சுபாஷ் முகர்ஜியின் கருத்தரிப்பு ஆய்வு

உடலுக்கு வெளியே கருவுற்ற முதல் மனிதக் குழந்தை 1978 ஜூலை 25 அன்று இங்கிலாந்தின் ஓல்டாம் நகரில் பிறந்தது. பாட்ரிக் ஸ்டெப்டோ, ராபர்ட் எட்வர்ட்ஸ் ஆகிய இருவரின் நெடுநாள் உழைப்பின் பயன் அது. அதன்பின் எழுபதாம் நாளாகிய அக்டோபர் 3 அன்று கொல்கத்தாவில் இவ்வகையில் மற்றொரு பெண்குழந்தை பிறந்தது. துர்கா என்னும் பெயரால் அக்குழந்தை அறியப்பட்டது. இதனைச் சாத்தியமாக்கிய மருத்துவர் சுபாஷ் முகர்ஜியின் ஆய்வு முதலில் பொய்யென ஒதுக்கப்பட்டது; பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின் மெய்யென ஏற்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் புதிய சோதனை எதுவும் நிகழவில்லை. இருந்த சான்றுகள் படிக்கப்பட்டன என்பதே நிகழ்ந்த மாற்றம்.

1931இல் ஹசாரிபாக்கில் பிறந்த முகர்ஜி, கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் இனப்பெருக்க உடலியலிலும், பின்னர் 1967இல் எடின்பரோவில் இனப்பெருக்க உட்சுரப்பியலிலும் முனைவர் பட்டம் பெற்றவர். மகப்பேற்று மருத்துவர் சரோஜ்காந்தி பட்டாச்சார்யாவும், உறைகுளிர் நுட்பம் அறிந்த சுனித் முகர்ஜியும் அவருடன் பணிபுரிந்தனர்.

கொல்கத்தா முயற்சி ஓல்டாம் முயற்சியின் படியன்று என்பது இங்கு விரிவாக நோக்கத்தக்கது. ஆங்கிலேய அறிஞர் இயற்கையான மாதச் சுழற்சியில் முதிர்ந்த ஒற்றைக் கருமுட்டையை வயிற்றின் வழியே லேப்ராஸ்கோப் கருவி செலுத்தி எடுத்தனர். முகர்ஜியோ, மாதவிடாய் நின்ற மகளிரின் சிறுநீரிலிருந்து பிரித்தெடுக்கப்படும் இயக்குநீரைச் செலுத்திச் சினைப்பையைத் தூண்டினார். இதனால் ஒரே சுழற்சியில் பல முட்டைகள் கிடைத்தன. அவற்றை யோனியின் பின்சுவரில் இட்ட சிறு கீறலின் வழியே எடுத்தார். இவ்வாறு தூண்டப்பட்ட சுழற்சியில் கருப்பை கருவை ஏற்கும் பக்குவத்தை இழக்கக்கூடும் என்பதை உட்சுரப்பியல் பயிற்சியால் அவர் உணர்ந்திருந்தார். ஆகவே, இளங்கருவை டைமெத்தில் சல்பாக்சைடு என்னும் காப்புப் பொருளுடன் உறையவைத்து, ஐம்பத்து மூன்று நாள் கழித்துத் தூண்டப்படாத வேறொரு சுழற்சியில் கருப்பையில் இட்டார். உறைந்த மனிதக் கருவின் வழிக் கருவுறுதல் நிகழ்ந்ததாக ஆஸ்திரேலிய அறிஞர் அறிவித்தது 1983இல்தான். முட்டை எடுத்தல், தூண்டல், உறையவைத்தல் ஆகிய மூன்றும் இன்று உலகெங்கும் வழக்கில் உள்ளன.

இவ்வாய்வின் சுருக்கமான முன்னறிக்கை 1978இலேயே இந்திய உறைகுளிரியல் ஆய்விதழில் வெளிவந்தது. எனினும், மகப்பேற்று மருத்துவர் வழக்கமாகப் புரட்டும் இதழன்று அது. விரிவான கட்டுரை வெளிவருமுன் செய்தித்தாள்கள் செய்தியை வெளியிட்டுவிட்டன. பெற்றோரோ தம் அடையாளம் வெளிப்படுவதை விரும்பவில்லை. ஐயத்துக்கு இடமிருந்தது என்பதை முகர்ஜியின் சார்பாகப் பேசுவோரும் மறுத்தல் இயலாது. ஆனால் ஐயம் வேறு, தீர்ப்பு வேறு. மேற்கு வங்க அரசு 1978 நவம்பரில் அமைத்த குழுவில் இத்துறையில் நேரடிப் பயிற்சி உடையோர் இல்லை. அக்குழு அவருடைய கூற்றை நம்பத்தகாததெனத் தள்ளியது. ஏட்டுச்சுவடியைப் படிக்கத் தெரியாதவர் பாடம் பிழையென்று முடிவுகட்டியதற்கு இதனை ஒப்பிடலாம். ஜப்பானில் தம் ஆய்வை எடுத்துரைக்க வந்த அழைப்பை ஏற்கவும் அவருக்கு அனுமதி மறுக்கப்பட்டது. 1981இல் கண் மருத்துவ நிறுவனம் ஒன்றுக்கு மாற்றப்பட்டார். அவ்வாண்டு ஜூன் 19 அன்று தம் உயிரை மாய்த்துக்கொண்டார்.

அதன்பின் அவரை நினைவிற் கொண்டது மருத்துவ உலகைக் காட்டிலும் வங்க இலக்கிய உலகே எனலாம். ரமாபத சௌத்ரியின் 'அபிமன்யு' நாவலும், அதனைத் தழுவி 1990இல் தபன் சின்ஹா இயக்கிய இந்தித் திரைப்படமும் இவ்வாழ்வைப் புனைவாக்கின. திரைப்படத்தின் நாயகன் கருத்தரிப்பு ஆய்வாளன் அல்லன். தொழுநோய்க்குத் தடுப்பு மருந்து காண்பவன்.

மும்பையில் டி. சி. ஆனந்தகுமார், இந்திரா இந்துஜா ஆகியோரின் கூட்டுமுயற்சியால் 1986 ஆகஸ்டு 6 அன்று ஹர்ஷா பிறந்தாள். இந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை எனும் சிறப்பு அவளுக்கு உரியதாயிற்று. 1997இல் முகர்ஜி நினைவுச் சொற்பொழிவு ஆற்றக் கொல்கத்தா சென்ற ஆனந்தகுமாரிடம் முகர்ஜியின் கையெழுத்துக் குறிப்புகளும் கடிதங்களும் அளிக்கப்பட்டன. அவற்றை ஒரு பதிப்பாசிரியரின் பொறுமையோடு அவர் ஆராய்ந்தார். செய்முறை முன்னுக்குப்பின் முரணின்றி அமைந்திருப்பதைக் கண்டார். அவ்வாண்டு ஏப்ரலில் 'கரண்ட் சயின்ஸ்' இதழில், முதன்மை முகர்ஜிக்கே உரியது என எழுதினார். அதனால் முதன்மையை இழந்தவர் அவரே.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2005இல் வெளியிட்ட நெறிமுறைகள் துர்காவின் பிறப்பை முகர்ஜியின் பெயரோடு பதிவு செய்கின்றன. ஹர்ஷாவையோ 'அறிவியல் முறைப்படி ஆவணப்படுத்தப்பட்ட' முதல் குழந்தை என்று குறிக்கின்றன. அந்த அடைமொழி 1978ஆம் ஆண்டின் முன்னறிக்கையையும், ஆனந்தகுமார் படித்த கையெழுத்துக் குறிப்புகளையும் இன்னும் ஆவணமாகக் கொள்ளவில்லை.