காத்து எவ்வளவு இருக்கு? ஒரு வால்டியூபின் கதை

சைக்கிள் கடையில காத்து அடிச்சு முடிச்சதும் அண்ணன் என்ன செய்வார்? டயரைக் கட்டைவிரலால ஒரு அமுக்கு அமுக்குவார். கல்லு மாதிரி இருந்தா, "போதும், எடுத்துக்கோ." மீட்டரே கிடையாது. இது அலட்சியம் இல்லை. அந்த வால்வில் மீட்டர் வச்சாலும் சரியா காட்டாது. ஏன்? அதுக்கு 1887-க்குப் போகணும்.

பெல்ஃபாஸ்ட் நகரம். ஜான் பாய்ட் டன்லப், ஸ்காட்லாந்தில் பிறந்த கால்நடை மருத்துவர். அப்போ சைக்கிள் சக்கரத்துல கெட்டி ரப்பர்தான். கல் பதிச்ச தெருவுல ஓட்டினா உடம்பே ஆடிப்போகும். மகனோட மூணு சக்கர வண்டிக்காக, ரப்பர் குழாய்க்குள் ஃபுட்பால் பம்பால் காற்று அடைத்துப் பார்த்தார். 1888-ல் காப்புரிமை. அடுத்த வருஷமே வில்லி ஹியூம் என்ற வீரர் பெல்ஃபாஸ்ட்டில் இந்த டயரை வைத்துப் பந்தயங்களை ஜெயித்தார். ஆனா ராபர்ட் வில்லியம் தாம்சன் என்பவர் இதே யோசனைக்கு 1845-லேயே காப்புரிமை வாங்கியிருந்தார். அதனால் டன்லப்போட காப்புரிமை செல்லாமப் போச்சு. பேர் மட்டும் நிலைச்சிடுச்சு.

காற்றை அடைச்சாச்சு. வெளியே வராம எப்படி நிறுத்துறது? 1890-களின் தொடக்கத்தில் வந்த வுட்ஸ் வால்வு ஒரு எளிய வழி சொன்னது. ஓட்டை போட்ட உலோகக் குழாய், அதன் மேல் இறுக்கமா ஒரு ரப்பர் உறை. அந்த ரப்பர்தான் நம்ம வால்டியூப். பம்பு அடிச்சா ரப்பர் விலகிக் காற்று உள்ளே போகும், நிறுத்தினா ஒட்டிக்கும்.

சிக்கல் அங்கேதான். டயர்ல இருக்கிற காற்று பம்பு பக்கம் திரும்பி வரவே முடியாது. அப்போ பம்பில் உள்ள மீட்டர் எதைக் காட்டும்? டயரின் அழுத்தத்தோட, ரப்பரை விலக்கத் தேவையான அழுத்தத்தையும் சேர்த்துத்தான். அதனால நம்ம ஊர்ல கட்டைவிரல்தான் மீட்டர்.

அதே 1890-களில் நியூயார்க்கின் ஷ்ரேடர் நிறுவனம் வேற வால்வு கொண்டுவந்தது. இன்னைக்கு பைக், கார்ல இருக்கிறது அதுதான். நடுவுல ஒரு ஊசி; அமுக்கினா காற்று திரும்பி வரும், மீட்டர் அளக்கும். ரேஸ் சைக்கிள்ல வர்ற ஒல்லியான பிரெஸ்டா வால்விலும் அளக்க முடியும்: மேல் திருகைத் தளர்த்தி, பம்பை ஒரு அடி அடிச்சு, அப்புறம் முள்ளைப் பாருங்க.

இது ஏன் முக்கியம்? காற்று குறைஞ்சா பள்ளத்துல இறங்கும்போது ட்யூப் ரிம்முக்கும் டயருக்கும் நடுவுல நசுங்கி, பாம்பு கடிச்ச மாதிரி ரெண்டு ஓட்டை. அதிகமானா டயர் துள்ளும், பிடிப்பு குறையும். அமெரிக்கப் பொறியாளர் ஃப்ராங்க் பெர்ட்டோ ஒரு கணக்கு சொன்னார்: நீங்க ஏறி உட்கார்ந்தா டயரின் உயரம் சுமார் 15 சதவீதம் தாழணும். எடை பின்னால அதிகம். அதனால முன் டயருக்குக் கொஞ்சம் குறைவாவே போதும்.

பம்பு வாங்கும்போது? அகலமான டயருக்குப் பருத்த குழாய்ப் பம்பு, சீக்கிரம் நிரம்பும். ஒல்லி டயருக்கு மெலிஞ்ச குழாய், அழுத்தம் ஏத்துறது சுலபம்.

மீட்டரில் பெரிய எண்ணைப் பார்த்து மயங்காதீங்க. 160 பிஎஸ்ஐ வரை காட்டும் மீட்டரில் முழு அளவில் 3 சதவீதம் பிழைன்னா, எந்த இடத்திலும் கிட்டத்தட்ட 5 பிஎஸ்ஐ தப்பலாம். 100-ல் அது சின்ன விஷயம். 25-ல் அஞ்சில் ஒரு பங்கு! நீங்க வழக்கமா அடிக்கிற அளவு, முள்ளோட நடுப்பகுதியில வர்ற மீட்டரா எடுங்க.

பழைய வால்வு சைக்கிளா? அடுத்த முறை ட்யூப் மாத்தும்போது ஷ்ரேடர் வால்வு ட்யூப் கேளுங்க. பெரும்பாலும் அதே ரிம் ஓட்டையிலேயே உட்காரும். நாள் முழுக்க ரோட்டில் ஓட்டுறவங்களுக்கு அந்த ஒரு மாற்றமே போதும்.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம். பாத்து ஓட்டுங்க.