வாசல் முன்னாடி ரோடு யாருக்கு சொந்தம்? தெருவுக்கு தெரு பார்க்கிங் சண்டை

சென்னை,

"இது எங்க வீட்டு வாசல், வண்டியை எடுங்க."

"ரோடு என்ன உங்க அப்பன் வீட்டு சொத்தா?"

திருவல்லிக்கேணி, சைதாப்பேட்டை, புரசைவாக்கம் என சென்னையின் குறுகலான தெருக்களில் இது தினமும் நடக்கும் சங்கதி. எல்லா நேரமும் வாய்த்தகராறோடு போய்விடுவது இல்லை. டெல்லி ஜங்புரா போகல் பகுதியில் 2025 ஆகஸ்டு மாதம், வாசலை மறித்து நின்ற ஸ்கூட்டரை தள்ளி நிறுத்தச் சொன்னதில் ஆரம்பித்த தகராறு கொலையில் முடிந்தது.

மதில் சுவர் வரைதான்

பத்திரத்தில் உள்ள இடம் முடிந்ததும் பொதுத்தெரு தொடங்கி விடுகிறது. சொத்து வரி கட்டுவதால் வாசலுக்கு முன் உள்ள ரோடு சொந்தமாகி விடாது. போக்குவரத்துக்கு இடைஞ்சல் இல்லாமல் மதில் ஓரம் அடுத்தவர் வண்டி நின்றால், "எடு" என்று அதிகாரம் பண்ண வீட்டுக்காரருக்கு உரிமை கிடையாது.

ஆனால் கேட்டை மறித்து நிறுத்துவது கண்டிப்பாக தப்பு. பிளாட்பாரம், தெரு முனை, பஸ் நிறுத்தம், பள்ளிக்கூடம் மற்றும் ஆஸ்பத்திரி வாசல், ஏற்கனவே நிற்கும் வண்டிக்கு பக்கவாட்டில் இன்னொரு வண்டி என்று எல்லாமே விதிமீறல்தான். "அஞ்சு நிமிஷத்துல வந்துடுவேன்" என்பது சாக்கு ஆகாது. மோட்டார் வாகன சட்டத்தில் 2019-ல் வந்த திருத்தப்படி அபராதம் முதல் தடவை ரூ.500, மறுபடியும் மாட்டினால் ரூ.1,500. தமிழ்நாட்டில் இது 2022 அக்டோபரில் அமலுக்கு வந்தது. அதற்கு முன்பு வெறும் 100 ரூபாய்தான்.

தகர போர்டு செல்லுமா?

"நோ பார்க்கிங். மீறினால் டயர் பஞ்சர் செய்யப்படும்". இந்த போர்டு தொங்காத தெரு குறைவு. அந்த சட்டத்தின் 116-வது பிரிவுப்படி போக்குவரத்து அறிவிப்பு பலகை வைக்கும் அதிகாரம் அரசுக்கும், அரசு அனுமதி கொடுத்த அதிகாரிகளுக்கும் மட்டும்தான். வீட்டுக்காரரோ கடைக்காரரோ மாட்டும் போர்டு வெறும் தகரம். பூந்தொட்டி, மணல் மூட்டை, கருங்கல், கயிறு கட்டிய நாற்காலி எல்லாம் அதே கணக்குதான். அனுமதி இல்லாமல் வைத்த இப்படிப்பட்ட போர்டுகளையும் தடுப்புகளையும் அகற்ற வேண்டும் என்று 2024-ல் சென்னை போக்குவரத்து போலீசார் எச்சரித்தனர்.

நிஜமாகவே டயரை பஞ்சர் செய்தாலோ, ஆணியால் கோடு கிழித்தாலோ பாரதிய நியாய சன்ஹிதா 324-வது பிரிவில் கேஸ் ஆகும். போர்டில் மிரட்டி எழுதி வைத்திருப்பதே எதிராளிக்கு சாட்சியாகி விடும்.

மாசக்கணக்கில் தூசி படிந்து நிற்கும் பழைய கார் இன்னொரு தலைவலி. பொது இடத்தில் 10 மணி நேரத்துக்கு மேல் கேட்பாரற்று நிற்கும் வண்டியை இழுத்துச் செல்ல சீருடையில் இருக்கும் போலீஸ் அதிகாரி உத்தரவிடலாம் என்கிறது 127-வது பிரிவு. இழுத்த செலவு உரிமையாளர் தலையில்.

ஸ்டிக்கர் யாருக்கு கிடைக்கும்?

சண்டைக்கு தீர்வாக பல ஊர்களில் பர்மிட் முறை இருக்கிறது. அந்த தெருவாசிகளின் வண்டிக்கு ஸ்டிக்கர், மற்ற வண்டிக்கு தடை. அமெரிக்காவில் ஆர்லிங்டன் என்ற ஊரில், பக்கத்து ஆபீஸ்களுக்கு வேலைக்கு வருகிறவர்கள் குடியிருப்பு தெருவில் காரை நிறுத்தினார்கள். பகலில் தெருக்காரர்கள் மட்டும்தான் நிறுத்தலாம் என்று உத்தரவு வந்தது. வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போனது. 1977-ல் உத்தரவு செல்லும் என்று தீர்ப்பு. ஜப்பானில் கதையே வேறு. 1962-ல் வந்த சட்டப்படி, நிறுத்த இடம் இருக்கிறது என்று போலீசில் சான்று வாங்கினால்தான் காரை பதிவு செய்ய முடியும்.

டெல்லியில் 2019-ல் தனி பார்க்கிங் விதிகள் கொண்டு வரப்பட்டன. குடியிருப்போர் சங்கங்களை கலந்து பேசி ஏரியாவாரியாக திட்டம் போட வேண்டும், ஆம்புலன்சும் தீயணைப்பு வண்டியும் போக வழி விட வேண்டும் என்று அதில் உள்ளது.

சென்னையிலும் இந்த பேச்சு அவ்வப்போது அடிபடுகிறது. ஒன்றை மறக்கக் கூடாது. ஸ்டிக்கர் வாங்கினால் அந்த தெருவில் நிறுத்தலாம் என்றுதான் அர்த்தம், இன்ன இடம் என்று ஒதுக்கித் தர மாட்டார்கள். 30 வண்டி நிற்கும் தெருவில் 60 ஸ்டிக்கர் கொடுத்தால் சண்டை அப்படியேதான் இருக்கும்.

இன்னொரு சிக்கல் வாடகைக்கு இருப்பவர்களுக்கு. ஸ்டிக்கர் கேட்டால் முகவரி சான்று கேட்பார்கள். வாடகை ஒப்பந்தம் எழுதாமல் வாய்ப்பேச்சில் குடியிருப்பவர்கள் எங்கே போவார்கள்? பகலெல்லாம் சவாரி ஓட்டிவிட்டு ராத்திரி 11 மணிக்கு தெருவுக்குள் வரும் ஆட்டோவுக்கும், ஓனர் பெயரில் உள்ள லோடு வண்டிக்கும் யார் ஸ்டிக்கர் தருவார்? சங்கங்களில் பெரும்பாலும் சொந்த வீட்டுக்காரர் குரல்தான் எடுபடும். பட்டியல் போடும்போதே இவர்களையும் சேர்க்காவிட்டால் முதலில் வெளியே போவது இவர்கள் வண்டிதான்.

யாரிடம் சொல்வது?

கேட்டை மறித்து நிற்கும் வண்டிக்கு போலீஸ் எண் 100 அல்லது 112. ரோட்டில் கல், தொட்டி, போர்டு வைத்து மறித்தால் மாநகராட்சி எண் 1913. கூப்பிடுவதற்கு முன் நம்பர் பிளேட்டும் கேட்டும் ஒன்றாக தெரியும்படி போட்டோ எடுத்து வைத்துக் கொள்வது நல்லது. போலீஸ் வருவதற்குள் வண்டியை நகர்த்தி விட்டு, "நான் நிறுத்தவே இல்லை" என்று சாதிக்கிறவர்கள் உண்டு.