மரப்பலகையில் மிதந்தவர்

"டைட்டானிக்" படத்தைப் பார்க்கும்படி நான் சொன்னால் இலக்கிய நண்பர்கள் சிலர் முகஞ் சுளிக்கிறார்கள். பணக்காரப் பெண், ஏழை ஓவியன், மூழ்கும் கப்பல். இதில் என்ன இருக்கிறது என்பது அவர்கள் கேள்வி. கதை பழையதுதான். ஆனாலும் ஜேம்ஸ் கமரூன் 1997இல் வெளியிட்ட அந்தப் படத்தை வரலாற்றில் நாட்டமுள்ளவர்கள் அவசியம் பார்க்க வேண்டும். காதலுக்காக ஒரு முறை பார்த்தவர்கள் கப்பலுக்காக இன்னொரு முறை பார்க்கலாம்.

கப்பலை வகுப்பு வகுப்பாகப் பிரித்துக் காட்டுவதே படத்தின் பலம். மேலே விருந்து மண்டபம், கீழே ஆட்டமும் பாட்டும். இது நாடகத்துக்காகச் செய்த சோடனை மட்டுமல்ல. பிரித்தானிய விசாரணையின் கணக்குப்படி முதலாம் வகுப்புப் பெண்கள் 144 பேரில் 140 பேர் தப்பினார்கள். மூன்றாம் வகுப்பில் 165 பெண்களில் 76 பேர். 79 பிள்ளைகளில் 27 பேர். கப்பலில் ஏறத்தாழ 2,200 பேர் இருக்க, உயிர்காப்புப் படகுகள் 20இலும் சேர்த்து 1,178 பேருக்குத்தான் இடம். அதுவே அன்றைய சட்டம் கேட்டதை விடக் கூடுதல் என்பது இன்னும் கசப்பான விடயம். மூன்றாம் வகுப்பினருக்கு அநீதி நடக்கவில்லை என்று விசாரணைக்குத் தலைமை தாங்கிய மேர்சி பிரபு முடிவு சொன்னார். அந்த வகுப்பில் வந்த ஒருவரையேனும் அவர் சாட்சிக்கு அழைக்கவில்லை.

தண்ணீர் ஏறிவரும் நடைபாதையில் அறிவிப்புப் பலகையை அகராதி வைத்து வாசிக்க முயலும் குடும்பம் ஒன்று படத்தில் சில கணங்கள் வரும். எனக்கு அது பெரிய காட்சி. உஸ்மானியப் பேரரசின் சிரியாவிலிருந்து, பெரும்பாலும் இன்றைய லெபனானின் மலைக் கிராமங்களிலிருந்து, பலர் பிரான்சின் ஷெர்பூர்க் துறைமுகத்தில் மூன்றாம் வகுப்பில் ஏறியிருந்தார்கள். அநேகர் கிறிஸ்தவர்கள்; அரபு பேசியவர்கள். அவர்களுக்கு அந்தப் பலகை என்ன சொல்லியிருக்கும்?

இனி அந்தப் புகழ்பெற்ற முடிவுக் காட்சிக்கு வருவோம். கதாநாயகி ரோஸ் மரப்பலகையில் மிதக்கிறாள். இருட்டில் திரும்பி வரும் படகொன்று அவளைக் காப்பாற்றுகிறது. அப்படித் திரும்பி வந்த படகு உண்மையில் இருந்தது. ஐந்தாம் அதிகாரி ஹரல்ட் லோ, 14ஆம் இலக்கப் படகிலிருந்தவர்களை வேறு படகுகளுக்கு மாற்றிவிட்டு உயிருள்ளவர்களைத் தேடிப் போனார். அவருக்குக் கிடைத்த சிலருள் ஒருவர் மிதக்கும் மரத்தில் கிடந்தார். அவர் ரோஸ் அல்லர். ஃபாங் லாங் என்ற சீன மாலுமி.

அன்று மூன்றாம் வகுப்பில் சீனர் எட்டுப் பேர் பயணம் செய்தார்கள். அமெரிக்காவில் வேறொரு கப்பலில் வேலைக்குச் சேரப் போய்க்கொண்டிருந்தவர்கள். ஆறு பேர் பிழைத்தார்கள். சார்லட் கொலியர் என்ற பயணி அதே ஆண்டில் எழுதிய நினைவுக் குறிப்பில், லோ முதலில் அந்த மனிதரை ஏற்றத் தயங்கினார் என்றும், ஏற்றியபின் அவர் துடுப்புப் பிடித்து வலித்த வேகத்தைக் கண்டு வெட்கப்பட்டார் என்றும் சொல்கிறார். அவரை ஜப்பானியர் என்றுதான் அம்மையார் எழுதியிருக்கிறார். அந்தக் குறிப்பு முழுதும் நம்பத்தக்கதல்ல. லோவின் மனப்போக்கைப் பற்றி மட்டும் அவ்வளவு சந்தேகம் வேண்டியதில்லை. அமெரிக்க செனற் விசாரணையில் அவர் இத்தாலியரைப் பற்றிப் பேசிய பேச்சுக்கு இத்தாலியத் தூதுவர் ஆட்சேபம் தெரிவித்து, எழுத்தில் திருத்தம் வாங்க நேர்ந்தது.

பிழைத்தவர்களை ஏற்றிய கார்பேதியா கப்பல் ஏப்ரல் 18ஆம் திகதி நியூயோர்க்கை அடைந்தது. ஏனையோரை மருத்துவமனைகளும் நிவாரணக் குழுக்களும் எதிர்கொண்டன. சீனர் ஆறு பேருக்கும் கரையிறங்க அனுமதியில்லை. 1882ஆம் ஆண்டின் சீனர் தடைச் சட்டம் குறுக்கே நின்றது. மறுநாளே வேறு கப்பலேற்றிக் கியூபாவுக்கு அனுப்பினார்கள். படகில் ஒளிந்து தப்பிய கோழைகள் என்று பத்திரிகைகள் அவர்களைத் தூற்றின. ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு "தி சிக்ஸ்" என்ற ஆவணப்படக் குழுவினர் அதே அளவில் படகொன்றைச் செய்து பார்த்து, அந்தப் பழியைக் கேள்விக்குள்ளாக்கினார்கள்.

2021இல் திரைக்கு வந்த அந்த ஆவணப்படத்தின் நிர்வாகத் தயாரிப்பாளர்களுள் கமரூனும் ஒருவர். ரோஸ் காப்பாற்றப்படும் காட்சிக்குத் தூண்டுதல் ஃபாங் லாங்தான் என்பதை அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். சீனரை மீட்கும் காட்சியையும் அவர் படமாக்கியிருந்தார், படத்தொகுப்பில் வெட்டிவிட்டார். மூன்று மணி நேரத்துக்கும் மேல் ஓடும் படத்தில் அந்த ஒரு காட்சிக்கு இடமில்லாமற் போனதை என்னால் மன்னிக்க முடியவில்லை. என்றாலும் அதற்காகப் படத்தைத் தள்ளிவிடச் சொல்லமாட்டேன். வெட்டிய காட்சிகளைச் சேர்த்து வெளியிட்ட டிவிடி பதிப்பு இருக்கிறது. கிடைத்தால் அதையே பாருங்கள்.

ஃபாங் லாங் பின்னாளில் வேறு பெயரில் அமெரிக்காவிலேயே குடியேறி முதுமைவரை வாழ்ந்தார். டைட்டானிக்கில் பயணம் செய்ததைத் தன் மகனுக்குக்கூட அவர் சொல்லவில்லை.