சென்னையில் ஹாலிவுட் பொற்காலப் பட ரசனை

ஹாலிவுட்டின் பொற்காலம் என்பது, பேசும்படம் வந்த 1920களின் இறுதி முதல் ஏறத்தாழ 1960 வரை, எம்.ஜி.எம்., வார்னர் பிரதர்ஸ் போன்ற படநிறுவனங்கள் நடிகர்களையும் இயக்குநர்களையும் நீண்டகால ஒப்பந்தத்தில் வைத்துக்கொண்டு படங்களைத் தொடர்ந்து உருவாக்கிவந்த காலமாகும்.

மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு ஆகிய பகுதிகளின் ரசிகர்களுக்கு இப்படங்களைக் காட்டியவை பெரும்பாலும் மவுண்ட் ரோடு எனப்பட்ட இன்றைய அண்ணா சாலையிலும் அதன் சுற்றுப்புறத்திலும் இருந்த அரங்குகளே. அங்கே கேசினோ அரங்கு ஆங்கிலப் படங்களுக்குப் பெயர்பெற்றிருக்க, 1964இல் திறக்கப்பட்ட சஃபையர், புளூ டைமண்ட், எமரால்டு என்ற மூன்று அரங்குகளைக் கொண்ட வளாகத்தில் எலிசபெத் டெய்லர் நடித்த ‘கிளியோபாட்ரா’ திரையிடப்பட்டது.

இந்த ரசனை பார்வையாளரோடு நின்றுவிடவில்லை. தமிழ் அறியாத அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கன், எம்.ஜி.ஆரின் முதல் படமான ‘சதி லீலாவதி’யை (1936) இயக்கியதோடு, ‘அம்பிகாபதி’யின் (1937) காதல் காட்சிகளில் ஜார்ஜ் க்யூக்கரின் ‘ரோமியோ அண்ட் ஜூலியட்’ படத்தின் சாயலையும் கொண்டுவந்தார். ‘நாடோடி மன்னன்’ (1958) கதையில் 1937ஆம் ஆண்டின் ‘தி பிரிஸனர் ஆஃப் ஜெண்டா’வின் தாக்கம் தெளிவாகத் தெரிந்தாலும், மக்களாட்சி பேசும் அப்படத்தை வெறும் நகல் என்று ஒதுக்குவது பொருந்தாது.

வணிக அரங்குகளுக்கு வெளியே, தேர்ந்த படங்களை உறுப்பினர்களுக்குத் திரையிடும் அமைப்புகளான திரைப்படச் சங்கங்களும் இயங்கின. அம்மு சுவாமிநாதன் தொடங்கிய சென்னைத் திரைப்படச் சங்கம் அவற்றுள் முன்னோடியானது. பழைய படங்களின் வரலாற்றை ‘தி இந்து’ வாசகர்களுக்கு நெடுங்காலம் எழுதியவர் ராண்டார் கை. அவர் 2023இல் காலமானார்.

மேலே குறிப்பிட்ட அரங்குகளுள் சஃபையர் வளாகம் 1990களில் மூடப்பட்டது.