நெடுஞ்சாலை விரிவாக்கமும் சுற்றுச்சூழல் மதிப்பீடும்: விழுப்புரம்–நாகப்பட்டினம் சாலையை முன்வைத்து

புதுச்சாலை போடுவதைவிட இருக்கும் சாலையை அகலப்படுத்துவது குறைந்த கேடு தரும் என்ற எண்ணம் இந்தியச் சட்டத்திலும் நிர்வாகத்திலும் ஆழ வேரூன்றியிருக்கிறது. தடம் முன்பே இருக்கிறது, காடும் வயலும் எப்போதோ பிளக்கப்பட்டுவிட்டன, இருபுறமும் சில மீட்டர் கூடினால் புதிதாக என்ன கெட்டுவிடும் என்பதே அந்த எண்ணத்தின் அடிப்படை. சில இடங்களுக்கு இது பொருந்தலாம். ஆனால் இருவழிச்சாலை நான்குவழிச்சாலையாகும்போது அகலம் மட்டும் மாறுவதில்லை. சாலை மட்டம் உயர்கிறது, வண்டிகளின் வேகம் கூடுகிறது, நடுத்தடுப்பு எழுகிறது, ஊருக்கு ஊர் புறவழிச்சாலை முளைத்து வயல்களுக்குள் இறங்குகிறது. அதுவரை வெள்ளமும் விலங்கும் எப்படியோ கடந்துவந்த கோடு கடக்கமுடியாத கரையாகிவிடுகிறது. ஆகவே பாதிப்பைத் தீர்மானிப்பது கூடுதல் மீட்டர்களின் எண்ணிக்கை அல்ல. அந்தக் கரை எவற்றைக் குறுக்கிடுகிறது என்பதுதான். சட்டமோ மீட்டரையே அளவுகோலாக வைத்திருக்கிறது.

சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை 2006 செப்டம்பரில் வெளியானது. எந்தத் தேசிய நெடுஞ்சாலை விரிவாக்கம் முன் அனுமதி பெற வேண்டும் என்பதற்கு அது வைத்த வரம்புகளில் 30 கிலோமீட்டர் நீளமும் 20 மீட்டர் கூடுதல் அகலமும் இருந்தன. 2013 ஆகஸ்டு 22 அன்று வந்த திருத்தம் இவற்றை வெகுவாகத் தளர்த்தியது. நீளம் 100 கிலோமீட்டரைத் தாண்ட வேண்டும். கூடுதல் நிலம் பழைய தடத்தில் 40 மீட்டரையும், தடம் மாறும் இடங்களிலும் புறவழிச்சாலைகளிலும் 60 மீட்டரையும் தாண்ட வேண்டும். நீளமும் அகலமும் சேர்ந்து மிஞ்சினால்தான் மதிப்பீடு. சதுப்பு நிலத்தில் கூடும் 35 மீட்டரும் வறண்ட மேட்டு நிலத்தில் கூடும் 35 மீட்டரும் இந்தக் கணக்கில் ஒன்றே.

இதன் விளைவு தெளிவாகத் தெரிந்த இடம் விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி, கடலூர், சிதம்பரம், சீர்காழி வழியாக நாகப்பட்டினம் செல்லும் சாலை. முன்பு 45ஏ என்று எண்ணிடப்பட்டிருந்த அந்தச் சாலையில் ஏறத்தாழ 180 கிலோமீட்டரை நான்குவழியாக்கும் பணி நான்கு சிப்பங்களாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு சிப்பமும் 100 கிலோமீட்டருக்கு உட்பட்டது. முன் அனுமதி தேவை என்று சென்னை உயர் நீதிமன்றம் கூறியது. உச்ச நீதிமன்றம் 2021 ஜனவரி 19 அன்று அந்தத் தீர்ப்பை மாற்றியது. கூடுதல் நிலம் 40, 60 மீட்டர் வரம்புக்குள் அடங்கும்வரை முன் அனுமதி வேண்டியதில்லை என்றது. வரம்பைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கவும் ஆணையிட்டது. மதிப்பீட்டைத் தவிர்க்கும் உத்தியாக ஒரு திட்டத்தைத் துண்டாடக்கூடாது என்று எச்சரித்து, 100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட நெடுஞ்சாலைகளை அப்படிப் பிரிக்கலாமா, எந்தச் சூழலில் பிரிக்கலாம் என்று ஆராய வல்லுநர் குழு அமைக்கும்படி சுற்றுச்சூழல் அமைச்சகத்தைப் பணித்தது. அறிவிக்கையின் சொற்படி தீர்ப்பு சரியாகவே இருக்கலாம். குறை அறிவிக்கையில் இருக்கிறது.

இந்தச் சாலை செல்லும் நிலத்தைப் பார்த்தால் குறை இன்னும் துலங்கும். தென்பெண்ணை, கெடிலம், வெள்ளாறு, கொள்ளிடம், அதற்குத் தெற்கே காவிரியின் கிளையாறுகள் எல்லாம் மேற்கிலிருந்து கிழக்கே கடலுக்கு ஓடுகின்றன. சாலை வடக்கிலிருந்து தெற்கே போகிறது. கடைமடைப் பகுதியின் பாசன வாய்க்கால், வடிகால் ஒவ்வொன்றையும் அது ஏறக்குறைய செங்குத்தாக வெட்டுகிறது. ஆறுகளின் மேல் பெரிய பாலங்கள் கட்டப்படுகின்றன. அவற்றின் வடிவமைப்பில் யாரும் அலட்சியம் காட்டுவதில்லை. சிக்கல் பெயரில்லாத சிறு வாய்க்கால்களில்தான். பழைய இருவழிச்சாலைக்கு அடியில் ஒரு சிமெண்டுக் குழாய் இருக்கும். வெள்ளம் பெருகினால் மிச்ச நீர் தாழ்ந்த சாலையின் மேலேறி வழிந்துவிடும். போக்குவரத்து ஓரிரு நாள் நிற்கும், வயல் வடிந்துவிடும். சாலை உயர்ந்த பிறகு அந்த வழி அடைபடுகிறது. அதே விட்டமுள்ள குழாயை நான்கு வழிக்கும் அணுகுசாலைக்குமாக நீட்டிவிட்டால் அதன் நீளம் மூன்று, நான்கு மடங்காகிறது. ஆகாயத்தாமரையும் வண்டலும் நடுவில் சிக்கினால் ஆள் நுழைந்து வார முடியாது. மேல்புறம் முக்கால் அடி நீர் கூடுதலாக நின்றாலும் நடவு முடிந்து வேர் பிடித்துக்கொண்டிருக்கும் சம்பாப் பயிர் மூழ்கும். சில நாள் மூழ்கிக் கிடந்தால் அழுகும்.

வடகிழக்குப் பருவமழையும் சம்பாவும் ஒரே மாதங்களில் வருவதால் இது எப்போதோ நேரும் ஆபத்தல்ல. 2022 நவம்பர் 12 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் இதே சாலையிலுள்ள சீர்காழியில் 44 சென்டிமீட்டர் மழை பதிவானது. மழைக்குச் சாலை பொறுப்பல்ல. ஆனால் அப்படியொரு மழை வடிய எத்தனை நாளாகும் என்பதில் நீரின் வழியில் நிற்கும் ஒவ்வொரு கரைக்கும் பங்குண்டு. எனவே சமவெளியில் நடக்கும் விரிவாக்கத்துக்கு முதல் மதிப்பீடு நீரியல் மதிப்பீடாக இருக்க வேண்டும். ஒவ்வொரு குறுபாலத்துக்கும் மேல்புற வடிநிலப் பரப்பு, இன்றைய மழைப் பதிவின்படி வரக்கூடிய வெள்ளம், சாலைக்கு மேற்கே நீர் உயரக்கூடிய அளவு ஆகிய மூன்றும் வரைபடத்தோடு கணக்கிடப்பட வேண்டும். குழாய்களுக்குப் பதிலாக ஆள் இறங்கித் தூர்வாரக்கூடிய பெட்டி வடிவக் குறுபாலங்கள் தேவை. தாழ்ந்த நீண்ட பகுதிகளில் மண்கரையைக் கைவிட்டுத் தூண்களின் மேல் சாலையைக் கொண்டுசெல்வதே சரி. செலவு கூடும் என்பது உண்மை. ஆண்டுதோறும் பயிர் இழப்பீடாகவும் வெள்ள நிவாரணமாகவும் போகும் செலவு திட்ட மதிப்பீட்டுக்குள் வருவதில்லை என்பதும் உண்மை.

கரைக்கான மண் எங்கிருந்து வருகிறது என்பதும் பெரும்பாலும் கேட்கப்படாத கேள்வி. சராசரி 25 மீட்டர் அகலத்தில் 2 மீட்டர் உயரம் எழுப்பினால் ஒரு கிலோமீட்டருக்கு 50,000 கன மீட்டர் மண் வேண்டும். 10 கன மீட்டர் ஏற்றும் டிப்பர் லாரிக்கு 5,000 நடை. அத்தனையும் சாலையின் வழியுரிமை நிலத்துக்கு வெளியே, ஏரிகளிலும் பட்டா நிலங்களிலும் தோண்டப்படுகிறது. சாலை போன்ற நீள்வடிவத் திட்டங்களுக்குச் சாதாரண மண் எடுக்க முன் அனுமதி வேண்டாம் என்று 2020 மார்ச் 28 அன்று ஒரு விலக்கு தரப்பட்டது. எவ்வளவு மண், எந்தத் திட்டம் என்ற வரையறை அதில் இல்லை. உச்ச நீதிமன்றம் 2024 மார்ச் 21 அன்று அதை ரத்து செய்தது. சாலையின் மதிப்பீடு மண் எடுக்கும் குழி வரை நீளாவிட்டால் பாதிப்பின் பாதி கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும்.

இரைச்சலையும் புகையையும் பொறுத்தவரை கணக்கு எளிது. அதில் நுழையும் அனுமானம்தான் பிழையானது. போக்குவரத்து இரட்டித்தால் ஒலி ஏறத்தாழ 3 டெசிபெல் கூடும். வேகம் கூடினால் இன்னும் கூடும். குடியிருப்புகளுக்கு 2000ஆம் ஆண்டு விதிகள் வைத்த வரம்பு பகலில் 55, இரவில் 45 டெசிபெல். ஆனால் நெரிசல் குறைவதால் புகையும் குறையும் என்றே திட்ட அறிக்கைகள் வழக்கமாக வாதிடுகின்றன. அகலமான சாலை புதிய போக்குவரத்தை உண்டாக்குகிறது என்பதை 1994இலேயே பிரிட்டனின் அரசு ஆலோசனைக் குழு ஒன்று ஏற்றுக்கொண்டது. அமெரிக்க நகரங்களில் சாலை நீளம் கூடும் விகிதத்துக்கு ஏறக்குறைய இணையாக வண்டி ஓட்டமும் கூடுகிறது என்று துரான்டனும் டர்னரும் 2011இல் காட்டினார்கள். இந்திய நெடுஞ்சாலைக்கு அதே விகிதம் பொருந்த வேண்டியதில்லை. ஆனால் விரிவாக்கத்தால் வரும் கூடுதல் போக்குவரத்தைச் சுழியம் என்று வைப்பதற்கும் ஆதாரம் இல்லை. தணிப்பு முறைகளிலும் கவனம் வேண்டும். ஒற்றை வரிசை மரம் இரைச்சலைப் பெரிதாகக் குறைப்பதில்லை. பள்ளி, மருத்துவமனைகளின் முன் திடமான ஒலித்தடுப்புச் சுவரே பயன் தரும்.

சரியாகச் செய்தால் பாதிப்பைக் குறைக்க முடியும் என்பதற்கு நாட்டுக்குள்ளேயே சான்று இருக்கிறது. நாக்பூருக்கும் சிவனிக்கும் இடையே தேசிய நெடுஞ்சாலை 44 பெஞ்ச் புலிகள் காப்பகத்தின் ஊடே செல்கிறது. அதை நான்குவழியாக்கும் திட்டத்தை எதிர்த்து நீண்ட வழக்குகள் நடந்தன. இந்திய வனவிலங்கு நிறுவனத்தின் ஆய்வை ஒட்டி மகாராஷ்டிரப் பகுதியில் ஒன்பது கடவைகள் கட்டப்பட்டன: ஐந்து விலங்குச் சுரங்கப்பாதைகள், நான்கு சிறு பாலங்கள். அவற்றின் அகலம் 50 மீட்டரிலிருந்து 750 மீட்டர் வரை. மத்தியப் பிரதேசப் பகுதியில் வண்டிகளின் ஒலியையும் வெளிச்சத்தையும் மறைக்கும் தடுப்புகள் நிறுத்தப்பட்டன. 2019 மார்ச் முதல் டிசம்பர் வரை கடவைகளுக்கடியில் வைத்த தானியங்கிக் கேமராக்களில் 18 வகைக் காட்டுவிலங்குகள் 5,450 முறை பதிவாயின. 11 புலிகள் 89 முறை அவ்வழியே நடமாடியிருந்தன. புள்ளிமான்களின் பதிவுகளே மிகுதி.

இந்த எண்களை வைத்துச் சாலையால் கேடே இல்லை என்று சொல்லிவிட முடியாது. எத்தனை விலங்குகள் கடக்காமல் திரும்பின என்பதைக் கேமரா சொல்லாது. ஆனால் அங்கே நடந்த மூன்று காரியங்கள் கவனிக்கத்தக்கவை. விலங்குகள் எங்கே கடக்கின்றன என்று முதலில் கண்டறியப்பட்டது. கடவைகள் சாலையின் வடிவமைப்பிலேயே சேர்க்கப்பட்டன. கட்டி முடித்தபின் பலன் அளக்கப்பட்டது. புலிக்காக இத்தனையும் செய்ய முடிந்தது. கடலோரச் சமவெளியின் வாய்க்காலுக்கும் இதே முறை அப்படியே பொருந்தும்.

மரங்களில் வழக்கம் நேர்மாறாக இருக்கிறது. தவிர்ப்பது, குறைப்பது, சீரமைப்பது, கடைசியாக ஈடு செய்வது என்பதே தணிப்பின் முறையான வரிசை. நடைமுறையில் ஈடு முதலில் வந்துவிடுகிறது. 2015இன் பசுமை நெடுஞ்சாலைக் கொள்கை திட்டச் செலவில் 1 விழுக்காட்டை மரம் நடுவதற்கு ஒதுக்கச் சொன்னது, நல்லதுதான். ஆனால் பல பத்தாண்டு வளர்ந்த புளியமரம் தந்த நிழலையும் கூடுகளையும் நடுத்தடுப்பு அரளிச்செடி தராது. ஒரே பக்கமாக விரிவாக்கி மறுபக்க வரிசையைக் காப்பாற்றுவது பல இடங்களில் இயலக்கூடியது. அது வெறும் சாலை மையக்கோட்டை நகர்த்தும் வேலைதான். தடம் வரையும் நாளில் செய்தால் செலவு மிகக் குறைவு, டெண்டருக்குப் பின் செய்ய முடியாது.

ஆகவே 2013இன் நீள, அகல வரம்புகளுக்குப் பதிலாக நிலத்தின் தன்மையைச் சொல்லும் வரம்புகள் வேண்டும்: குறுக்கிடும் நீரோட்டங்களின் எண்ணிக்கை, உயரும் கரையின் உயரம், வெளியிலிருந்து வரும் மண்ணின் அளவு, காட்டுவழித்தடம், சாலையோரக் குடியிருப்பின் அடர்த்தி. இவற்றில் ஒன்று மிஞ்சினாலும் மதிப்பீடு நடக்க வேண்டும். சிப்பங்கள் எத்தனையானாலும் தடம் முழுவதற்கும் ஒரே மதிப்பீடாக நடக்க வேண்டும். மக்கள் கருத்துக் கேட்பும் இதோடு சேர்ந்தது. எந்த மதகு எந்த மழையில் அடைத்துக்கொள்ளும் என்பது அந்த ஊர் விவசாயிக்குத் தெரியும். அதைக் கேட்க 2006 அறிவிக்கையில் உள்ள ஒரே இடம் அதுதான். முன் அனுமதி பெற்ற திட்டம் நிபந்தனைகளை நிறைவேற்றிய விவரத்தை ஆறு மாதத்துக்கு ஒருமுறை அறிக்கையாகத் தர வேண்டும். வரம்புக்குள் அடங்கியதால் அனுமதியே பெறாத விரிவாக்கத்துக்கு இந்த அறிவிக்கையின்படி அந்தக் கடமையும் இல்லை.